மூங்கிலுக்கு விட்ட இடம்

கோரைக்கண்டியில் அந்த ஆண்டின் முதல் உறைபனி விழுந்த மார்கழிக் காலையில், சென்னியப்பன் வாய் கொப்பளிக்கச் செம்போடு வெளியே வந்து பார்த்தபோது, வீட்டுக்குப் பின்னால் கூரைக்கு மேல் வளர்ந்து நின்ற மூங்கில் குத்து புறப்பட்டுப் போயிருந்தது. வெட்டிய தடம் இல்லை, முறிந்த கிளை இல்லை, களவு போன இடத்தில் தெரியும் அவசரம் எதுவும் இல்லை. அது நின்ற இடத்தில் ஆள் இறங்கி நிற்கிற அளவுக்கு ஒரு குழி, குழிக்குள் இளஞ்சூட்டோடு ஆவி விடுகிற மண், குழியின் விளிம்பிலிருந்து கேரட் பாத்திகளுக்கு நடுவே வரப்போடு வரப்பாக, ஒரு செடியைக்கூட மிதிக்காமல், பேருந்து நிற்கிற மேட்டுச் சாலை வரைக்கும் வெள்ளைப் பனிமேல் வேர் இழுபட்ட கோடு. சென்னியப்பன் குழியைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், வாயிலிருந்த தண்ணீரைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டு, “தையலு, உன்ற மூங்கில் போயிருச்சு” என்று வீட்டுக்குள் பார்த்துச் சொன்னான். அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்த அவன் மனைவி தையல்நாயகி, திரும்பிக்கூடப் பார்க்காமல், “எப்பங்க வருமாம்?” என்று கேட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதில் தப்பில்லை, ஏனென்றால் அந்த மூங்கிலும் அவளைப்போலக் கீழ்நாட்டுப் பிறவிதான். மலையில் கேரட்டும் பூண்டும் போடுகிறவனுக்குப் பெண் கொடுக்க மலையில் ஆள் இல்லாமல்போய், தரகர் ஊர் ஊராக இறங்கி, கடைசியில் குடமுருட்டி ஆற்றங்கரையில் வெயிலில் வளர்ந்த தையல்நாயகியைப் பேசி முடித்தார். கல்யாணத்துக்கு நட்ட பந்தக்கால், ஆற்றங்கரையில் வெட்டிவந்த பச்சை மூங்கில், விருந்தெல்லாம் முடிந்து பந்தலைப் பிரிக்கப் போகும்போது கணுவில் துளிர்த்திருந்தது. “துளுத்த பந்தக்கால இங்க விட்டுட்டுப் போனா ஒம் மனசு பாதி இங்கயே நின்னுடும்டி, எடுத்துட்டுப் போயிடு” என்று அவள் அம்மா அதை ஈரச்சாக்கில் சுற்றி மாப்பிள்ளையின் தோளில் வைத்துவிட்டார். சென்னியப்பன் புதுவேட்டியில் சேறு வழிய வழிய அதை மலை ஏற்றிக் கொண்டுவந்து, பகல் வெயிலைப் பிடித்துவைத்துக்கொள்ளும் தெற்குச் சுவரை ஒட்டி நட்டான்.

பார்க்க வந்த தோட்டக்கலை அதிகாரி அது ஆகாது என்றார். இது சூட்டில் வளர்கிற சாதி, பனி விழுந்தால் தண்டுக்குள் இருக்கும் நீர் உறைந்து வெடித்துவிடும் என்று அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. முதல் மார்கழியில் சென்னியப்பன் அடியில் வைக்கோலைக் குவித்தான், பூச்செடிகளுக்கு மலையில் எல்லோரும் செய்கிற மாதிரி சாயங்காலமானால் மிலார்ப் புதரின் தழையை வெட்டிவந்து மேலே போர்த்தினான், விடிந்ததும் வெயில் படுவதற்கு முன்னால் தழையை எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவினான்; அப்படியும் மேலே இருந்ததெல்லாம் பால் பொங்கித் தீய்ந்த பாத்திரம்போலக் கருகிப் போயிற்று. ஆனால் வேர் சாகவில்லை. சித்திரை மழைக்கு அடியிலிருந்து பெருவிரல் பருமனில் குருத்து கிளம்பியது. தையல்நாயகியும் அப்படித்தான் இருந்தாள்: மார்கழி, தை முழுக்கப் பாதம் வெடித்து, இருமி இருமி, அடுப்பை விட்டு நகராமல், கேட்டதற்கு ஒரு சொல் என்று கிடந்துவிட்டு, சித்திரை பிறந்ததும் பக்கத்து வீட்டு மல்லம்மாவோடு வாய் ஓயாமல் பேசத் தொடங்கினாள். இரண்டு குளிர் இப்படிப் போயிற்று, மூன்றாவது குளிருக்கு மூங்கில் புறப்பட்டுவிட்டது.

ஊர் முதலில் வேறு எதையும் கேட்கவில்லை, அது எந்த வழியாகப் போயிருக்கும் என்பதைத்தான் கேட்டது. போஜன் டீக்கடையில் அன்று முழுவதும் இதே பேச்சு: குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா, சோதனைச்சாவடியில் நிறுத்தினார்களா, அந்த உயரத்தை வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் எப்படித் திரும்பியிருக்கும். முதல் பேருந்தின் நடத்துநர் அமல்ராஜ், வளைவு ஒன்றில் பெரிய உருவம் ஒன்று பாறையோடு ஒதுங்கி நின்று வண்டிக்கு வழி விட்டதைத் தான் பார்த்ததாகவும், ஓட்டுநர் ஆரன் அடித்து நன்றி சொன்னதாகவும் சொன்னதும், “அப்பக் குன்னூர் வழிதான்” என்று போஜன் முடித்து வைத்தார். மாசி கடைசியில், பனி முற்றும் விட்ட ஒரு காலையில், மூங்கில் திரும்பி வந்து அதே குழிக்குள் நின்றிருந்தது. வேரில் செம்மண் இல்லை, கரிய வண்டல் ஒட்டியிருந்தது, ஒரு கிளையில் கொக்கு இறகு ஒன்று சிக்கியிருந்தது. சென்னியப்பன் சுற்றிலும் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டான். அதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் ஓர் ஊருக்கு வழக்கம் பிடிக்க எவ்வளவு நாளாகும்? அடுத்த கார்த்திகை பிறந்ததும் போஜன் வீட்டம்மா, மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கென்று ஒரு பை வர்க்கி ரொட்டியைக் கொண்டுவந்து மூங்கிலின் தாழ்ந்த கிளையில் கட்டிவிட்டுப் போனாள், எப்படியும் அந்த வழியாகத்தானே போகிறது என்று. அவளைப் பார்த்து இன்னொருத்தி கேரட் கட்டினாள், இன்னொருத்தி பேரப்பிள்ளைக்குக் கம்பளிக் குல்லாய் கட்டினாள், மூங்கில் போகும்போது கல்யாணச் சீர் கொண்டுபோகிற ஆள்போலப் போயிற்று. வரும்போது முருங்கைக்காயும் கருவாடும் எள்ளுருண்டையும் கட்டிக்கொண்டு வந்தது, அதில் யாருடையது யாருக்கு என்று தெரியாமல் மல்லம்மாவுக்கும் போஜன் வீட்டுக்கும் நடந்த சண்டை பங்குனி முடியும்வரை தீரவில்லை. சிலர் தங்கள் முட்டைக்கோசுக்கு முன்னால் மூங்கிலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள், அதற்கும் அந்த யோசனை வந்துவிடக் கூடாதே என்று. எல்லாவற்றையும்விட ஊருக்குப் பெரிய லாபம் வேறொன்று: முதல் உறைபனி எப்போது விழும் என்று எந்தச் செய்தியும் சரியாகச் சொல்லாத அந்தப் பள்ளத்தாக்கில், அதற்கு முந்தின சாயங்காலம் மூங்கில் இலைகளையெல்லாம் சுருட்டித் தண்டோடு ஒட்டவைத்துக்கொள்ளும், பயணத்துக்குப் புடவையை இழுத்துச் செருகுகிற மாதிரி, அதைப் பார்த்ததும் ஊர் மொத்தமும் மிலார் வெட்ட ஓடும். ஒரு உருளைக்கிழங்குச் செடிகூடக் கருகவில்லை.

மூங்கில் போவதைத் தப்பென்று சொல்லாத ஊர், தையல்நாயகி போவதை மட்டும் எப்படித் தப்பென்று சொல்லும்? அதற்கடுத்த குளிருக்கு அவளும் பை கட்டினாள். “மாசி போயி வந்துடுறேங்க, நெஞ்சுச் சளி தாங்கல” என்றாள். சென்னியப்பன் பேருந்து வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனான், சன்னலோரமாக உட்கார வைத்தான், “மூங்கில் அங்க வருதான்னு பாரு” என்றான். “எங்க ஊர்ல மூங்கில் எங்க பாத்தாலும் நிக்குதுங்க, நம்மளுது எதுன்னு கண்டுபிடிக்கிறது” என்று அவள் சிரித்தாள்.

இங்கேதான் அவன் அந்தத் தப்பைச் செய்தான். வேண்டுமென்று செய்யவில்லை, கோரைக்கண்டியில் எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். வரப்பைக்கூட விரல் அகலத்துக்குச் செதுக்கிப் பயிர் வைக்கிற ஊர் அது. அங்கே காலி மண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. வேர் விட்டுப்போன குழியின் மண் வெதுவெதுப்பாக, பொலபொலவென்று, ஊரிலேயே இல்லாத மண்ணாக இருந்தது. குழிக்குள் எருவைக் கொட்டி நிரப்பிப் பூண்டு ஊன்றினான். அது பொங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் போனால் தையல்நாயகியின் கட்டில் காலியாகக் கிடந்தது. முந்தின அறுவடையின் விதைப்பூண்டு தரையில் ஈரம் வாங்குகிறதே என்று அதைக் கட்டிலில் பரப்பினான், மீதியைக் கொத்துக் கொத்தாகக் கட்டி அவள் கண்ணாடி மாட்டியிருந்த இடத்தில் தொங்கவிட்டான், கதவுக்குப் பின்னால் அவள் பையை மாட்டுகிற ஆணியில் தன் மழைக்கோட்டை மாட்டினான். வீடு நிறைந்துபோயிற்று. அவனுக்குத் தனிமைகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, அது பூண்டு வாசனையால்தான் என்று அவனுக்குப் படவில்லை.

மாசிக் கடைசியில் மூங்கில் வந்தது. தன் இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் பூண்டுத் தாள் நிற்பதைக் கண்டு பாத்தியின் ஓரத்தில் வேரைச் சேர்த்துக்கொண்டு நின்றது. சென்னியப்பன் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான். பூண்டு முற்ற இன்னும் சித்திரை ஆகவேண்டும், இப்போது பிடுங்கினால் பல்லே இருக்காது. “கொஞ்ச நாள் பொறுத்துக்க. இல்லைன்னா ஓடையோரம் எடம் கெடக்குது, அங்க நில்லு” என்று அதனிடம் நியாயமாகத்தான் சொன்னான். ஓடையோரம்தான் பனி முதலில் இறங்கி உட்காருகிற இடம் என்பது அவனுக்கும் தெரியும், மூங்கிலுக்கும் தெரியும். அன்று முழுக்க அது பாத்தியோரத்தில் நின்றது, மறுநாள் பேருந்து நிற்கிற இடத்தில் நின்றது, கிளையில் யார் யாருக்கோ வந்த முருங்கைக்காய்க் கட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன.

அன்றைய மத்தியானப் பேருந்தில்தான் தையல்நாயகி வந்து இறங்கினாள். மூங்கிலை அங்கே கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு அதன் வேரில் காய்ந்திருந்த வண்டலைத் தொட்டுப் பார்த்தாள் என்று போஜன் பிறகு சொன்னார். வீட்டுக்கு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், கண்ணாடி இருந்த இடத்தைப் பார்த்தாள், பையை மாட்டப் போய் ஆணியைப் பார்த்தாள். பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “நான் எங்கங்க படுக்குறது?” என்றாள்.

“பூண்டு வித்துட்டா ஆச்சு” என்றான் சென்னியப்பன். “அதுவரைக்கும் மல்லம்மாக்கா வீட்ல படுத்துக்கயேன். பக்கந்தானே.”

அவள் சண்டை போடவில்லை. தேநீர் வைத்து அவனுக்கும் கொடுத்துத் தானும் குடித்தாள், இரண்டு தம்ளரையும் கழுவிக் கவிழ்த்தாள், மல்லம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். காலையில் மூங்கிலும் இல்லை, அவளும் இல்லை. முதல் பேருந்தில் அவள் ஏறியதை அமல்ராஜ் பார்த்திருந்தான். மூங்கில் ஏறவில்லை, பின்னால் வந்ததா என்று கேட்டதற்கு, கண்ணாடியில் வெறும் பனிமூட்டம்தான் தெரிந்தது என்றான்.

சென்னியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபமா, கோபம் என்றால் யாருக்கு, அவளுக்கா மூங்கிலுக்கா, யாரைப் பார்த்து யார் போனார்கள்? தொலைபேசியில் கூப்பிட்டான். எப்போதும்போல, “சாப்டீங்களா?” என்றாள்.

“எப்ப வர்றே?”

“பாக்கலாங்க.”

“பூண்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டேன் தையலு. முத்தாமயே பிடுங்கிட்டேன்.”

“நான் பூண்டப் பத்தி ஒண்ணும் கேக்கலீங்களே” என்றாள் அவள். அவளுக்குப் பின்னால் எங்கோ மூங்கில் உரசுகிற சத்தம் அவன் காதில் கேட்டது, ஆனால் அவள் ஊரில்தான் எங்கே பார்த்தாலும் மூங்கில் நிற்குமே. வைத்துவிட்டு அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. அவள் வராமலே போய்விடுவாளோ என்ற பயம் அப்போதுதான் அவனுக்கு முதன்முதலாக வந்தது.

முற்றாத பூண்டைப் பிடுங்கியவன் என்று ஊர் அவனைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்தது. அதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம், அவன் எருவையெல்லாம் அள்ளி எறிந்து குழியைப் பழையபடி ஆக்கி, அப்படியே சும்மா விட்டதுதான். கோரைக்கண்டியில் சும்மா கிடக்கிற மண்ணை யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர்களுக்கு உள்ளங்கை அரித்தது. போஜன் வந்து, அதுவரைக்கும் முள்ளங்கி போடேன், முள்ளங்கி சீக்கிரம் வந்துவிடுமே என்றார். மல்லம்மா யாருக்கும் தெரியாமல் கொத்தமல்லி தூவிவிட்டுப் போனாள். ஊராட்சியிலிருந்து தண்ணீர்த் தொட்டி கட்ட நல்ல இடம் என்று அளக்க வந்தார்கள். செடியைக் காப்பாற்றத் தெரியும் சென்னியப்பனுக்கு. வெறும் இடத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. வேலி போட்டான், அப்புறம் மூங்கில் எப்படி உள்ளே வரும் என்று வேலியைப் பிரித்தான், பிரித்ததும் கன்றுக்குட்டி குழியில் விழுந்தது. மழைக்குத் தண்ணீர் தேங்கியது, இறைத்தான். தானாக முளைத்த களையைப் பிடுங்கினான். மல்லம்மாவின் கொத்தமல்லி நன்றாக வந்திருந்தும் பிடுங்கினான். வீட்டிலும் அதே வேலைதான். கட்டிலிலிருந்து பூண்டை எடுத்தான், கண்ணாடியை மாட்டினான், மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தான், யாரும் படுக்காத போர்வையைக் காலையில் உதறி மடித்துவைத்தான். அவள் சீப்பும் பொட்டும் வைக்கிற மாடத்தில் ஒரு தீப்பெட்டியைக்கூட வைக்கவில்லை.

அந்த மார்கழியில் முதல் பனி சொல்லாமல் விழுந்தது. இலையைச் சுருட்டிக் காட்ட மூங்கில் இல்லாததால் ஊரில் பாதி உருளைக்கிழங்கு ஒரே நாளில் கருகிப் போயிற்று, ஊர் திரண்டு சென்னியப்பன் வீட்டு முன்னால் வந்து நின்றது. அவர்கள் கருகிய செடிகளைக் கையில் வைத்திருந்தார்கள். “உன்ற பொண்டாட்டியக் கூப்பிடுவியோ, மூங்கிலக் கூப்பிடுவியோ, எங்களுக்குத் தெரியாது, ரெண்டுல ஒண்ணு இங்க வேணும்” என்றார் போஜன்.

“கூப்பிட்டாச்சுங்கண்ணா. பாக்கலாங்கறா.”

“பாக்கலாம்னா வர்றேன்னு அர்த்தமா, வரலேன்னு அர்த்தமா?”

“அதுதாங்கண்ணா எனக்கும் தெரியல.”

ஊருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கொஞ்ச நேரம் குழியைச் சுற்றி நின்றுவிட்டுக் கலைந்தார்கள். போகும்போது யாரோ, குழியைத் திறந்தே போட்டால் மண் உறைந்து கட்டியாகிவிடும், அப்புறம் வந்தாலும் வேர் இறங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் சென்னியப்பன் குழிக்குள் வைக்கோல் பரப்பி மேலே மிலாரைப் போர்த்தினான். விடிந்ததும் எடுத்தான். அதன்பிறகு குளிர்காலம் முழுவதும், உள்ளே செடியோ விதையோ எதுவும் இல்லாத ஒரு குழிக்கு, சாயங்காலம் போர்த்துவதும் காலையில் வெயிலுக்கு முன் எடுப்பதுமாக இருந்தான், ஊர் முதலில் சிரித்தது, பிறகு சிரிப்பை நிறுத்தியது, தை பாதியில் மல்லம்மா தன் பங்குக்கு ஒரு கட்டு மிலார் வெட்டிவந்து போட்டாள், மாசி பிறந்தபோது குழிக்குத் தழை போடுவது ஊரில் முறைவைத்து நடக்கிற காரியமாகியிருந்தது. எதற்குச் செய்கிறோம் என்று யாரையாவது கேட்டிருந்தால் ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள்.

மாசிக் கடைசியில் ஒரு காலை அவன் மிலாரை எடுக்கப் போனபோது மூங்கில் குழியின் விளிம்பில் நின்றிருந்தது. ஒரு வருஷத்தில் இன்னும் பருத்திருந்தது. குழி திறந்திருந்தது, மண் மெத்தென்று இருந்தது, ஆனாலும் அது இறங்கவில்லை. சென்னியப்பன் ஓரமாக ஒதுங்கி வழி விட்டான், தண்ணீர் தெளித்தான், குழிக்குள் தானே இறங்கி மிதித்துக் காட்டி ஏறினான். ஊர் வந்து கெஞ்சிப் பார்த்தது. மூங்கில் வேரைச் சேர்த்துக்கொண்டு நின்றபடியே நின்றது.

மத்தியானப் பேருந்து மேட்டில் ஆரனை நீளமாக அடித்தது. தையல்நாயகி வரப்பு வழியாக நடந்து வந்தாள், பின்னால் ஊர் ஓர் எட்டுத் தள்ளி வந்தது. மூங்கிலை அவள் பார்க்கவில்லை, குழியையும் பார்க்கவில்லை, நேராக வீட்டுக்குள் போனாள். சென்னியப்பன் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றான். அவள் கட்டிலைப் பார்த்தாள். மடித்த போர்வை இருந்தது. கண்ணாடியைப் பார்த்தாள், கண்ணாடி இருந்தது. மாடத்தைப் பார்த்தாள், காலியாக இருந்தது. பையை மாட்டக் கதவுக்குப் பின்னால் போனாள், அங்கே ஆணியில் மழைக்கோட்டு தொங்கியது.

மாதக்கணக்காகத் தினமும் போட்டு, தினமும் கழற்றி, அதே இடத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால் அது அவன் கண்ணில் படவே இல்லை. உலகத்தில் உள்ள காலி இடத்தையெல்லாம் காவல் காத்தவன், இந்த ஒரு ஆணியை மறந்துவிட்டான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் ஓடிப்போய்க் கோட்டை எடுத்தான். எடுத்துவிட்டான், எங்கே வைப்பது? கட்டிலில் வைக்க முடியாது, மாடத்தில் வைக்க முடியாது, கண்ணாடிமேல் மாட்ட முடியாது. கையில் வைத்துக்கொண்டு நான்கு பக்கமும் பார்த்தான், வேறு வழி தெரியாமல் அந்த மாசி வெயிலில் அதை மாட்டிக்கொண்டு கழுத்து வரைக்கும் பொத்தானைப் போட்டான்.

தையல்நாயகி அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு பையை ஆணியில் மாட்டிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, வெடிப்பில்லாத தன் பாதங்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால் மண் சரிகிற சத்தம் கேட்டது. அவள் உட்கார்ந்ததற்குப் பிறகா, அதற்கு முன்னாலேயா என்று சென்னியப்பனுக்கு இன்றுவரை உறுதியாகச் சொல்லத் தெரியாது. “போங்க, போய் மிதிச்சு விடுங்க” என்றாள் தையல்நாயகி. அவன் ஓடிப்போய் மூங்கிலைச் சுற்றி மண்ணைத் தள்ளி மிதிக்கத் தொடங்கினான், கோட்டைக் கழற்ற அவனுக்கு நினைவில்லை. பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் இருந்தவர்களுக்கு மூங்கில் தெரிந்தது, அதனடியில் மழைக்கோட்டு போட்ட ஓர் ஆள் தெரிந்தது. அந்த வீட்டிலிருந்து குறிப்பு வராமல் ஒரு முறை பட்டவர்கள், மேகமே இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, கொடியில் காய்ந்த துணிகளை வீட்டுக்குள் எடுத்து வைத்தார்கள்.